எல்லைக்கோட்டை நகர்த்திய நாடாளுமன்றம்

2014 ஜூன் மாதம் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ஒரு படகு ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டது. அதில் 157 பேர் இருந்தார்கள். அவர்களில் ஐம்பது பேர் குழந்தைகள். இந்தியாவில் தங்கியிருந்த இலங்கைத் தமிழர்களே அதில் வந்தவர்கள். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவை நெருங்கும்போது படகு பழுதாகிவிட்டது. ஜூன் 29 அன்று ஆஸ்திரேலிய எல்லைக் காவல் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. அடுத்த நான்கு வாரங்கள் அந்தக் கப்பலே அவர்களுக்குச் சிறை. சன்னல் இல்லாத அறைகளில், ஆண்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நாளின் பெரும்பகுதி பூட்டியே வைத்திருந்தார்கள். கப்பல் அவர்களை இந்தியாவிடம் ஒப்படைக்கக் கிளம்பியது. இந்தியாவின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கடலிலேயே காத்திருந்துவிட்டுத் திரும்பி, கோகோஸ் தீவுகள் வழியாக மேற்கு ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். சில நாட்களுக்குள் அங்கிருந்து விமானத்தில் ஏற்றிப் பசிபிக் தீவு நாடான நவுருவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் அதுவே நாட்டின் உச்ச நீதிமன்றம். 2015 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது: கடல்சார் அதிகாரச் சட்டத்தின்படி அந்தத் தடுப்புக்காவல் செல்லும். எங்கே கொண்டுபோகிறோம் என்று அந்த மக்களின் தரப்பைக் கேட்க வேண்டிய கடமையும் அரசுக்கு இல்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாதங்கள் முடிந்து தீர்ப்புக்காகக் காத்திருந்த நாட்களில், 2014 டிசம்பரில், நாடாளுமன்றம் அதே சட்டத்தைத் திருத்தியது. பன்னாட்டுக் கடமைகளை மீறியது என்ற காரணத்துக்காக இனி கடலில் செய்யும் எந்தத் தடுப்பும் செல்லாததாகிவிடாது என்று எழுதிச் சேர்த்தது. அரசு தோற்றிருந்தாலும் அடுத்த படகுக்கு அந்தத் தோல்வி உதவியிருக்காது.

ஆஸ்திரேலியாவின் புகலிடக் கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கொடுமையைப் பேசுகிறார்கள். அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் முப்பது ஆண்டுகளின் சட்டங்களையும் தீர்ப்புகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. நீதிமன்றம் குறுக்கே வரும்போதெல்லாம், சில சமயம் வருவதற்கு முன்பே, நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியிருக்கிறது. சட்டம் போதாதபோது இடத்தை மாற்றியிருக்கிறது. தொழிற்கட்சி, லிபரல் கூட்டணி என்ற வேறுபாடு இதில் இல்லை. அடிப்படை உரிமைகள் அரசியலமைப்பில் எழுதப்படாத ஒரு ஜனநாயகத்தில் இதைத் தடுக்க யாராலும் முடியாது என்பதே இந்த வரலாறு காட்டும் பாடம் என்று நினைக்கிறேன்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் தொடக்கத்திலேயே சேர்ந்த நாடு ஆஸ்திரேலியா. 1954 ஜனவரியில் அது சேர்ந்த பிறகுதான் தேவையான ஆறு நாடுகள் என்ற எண்ணிக்கை நிறைவாகி, அதே ஆண்டு ஏப்ரலில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் 33-ஆவது பிரிவு, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. ஆபத்திலிருந்து நேரடியாகத் தப்பி வருகிறவர்களை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 31-ஆவது பிரிவு. 1976 ஏப்ரலில் ஐந்து வியட்நாமியர்களுடன் முதல் படகு டார்வின் துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் சுமார் இரண்டாயிரம் பேர் அப்படி வந்தார்கள். மால்கம் பிரேசரின் அரசு அவர்களைக் குடியமர்த்தியது. முகாம்களிலிருந்து பல ஆயிரம் வியட்நாமியர்களை விமானத்திலும் அழைத்துவந்தது. எதிர்ப்பு அப்போதும் இருந்தது. ஆனால் இரண்டு பெரிய கட்சிகளும் அதைத் தேர்தல் மூலதனமாக்கவில்லை.

திருப்பம் 1992-இல் வந்தது. கம்போடியாவிலிருந்து படகில் வந்த சிலர் இரண்டாண்டுகளுக்கும் மேலாகக் காவலில் இருந்தார்கள். தங்களை விடுவிக்கக் கோரி வழக்குத் தொடுத்தார்கள். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, மே 5 அன்று, பால் கீட்டிங்கின் தொழிற்கட்சி அரசு அவசரமாக ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அவர்களைக் காவலில் வைத்தே ஆக வேண்டும், எந்த நீதிமன்றமும் விடுவிக்கக் கூடாது என்றது அது. உயர் நீதிமன்றம் கடைசிப் பகுதியை ரத்து செய்தது. கட்டாயக் காவலை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தில் 273 நாள் என்று ஓர் உச்சவரம்பாவது இருந்தது. 1994-இல் நடைமுறைக்கு வந்த அடுத்த திருத்தம் அந்த வரம்பையும் நீக்கி, விசா இல்லாத எல்லோருக்கும் காவலைக் கட்டாயமாக்கியது.

வரம்பற்ற காவல் என்றால் என்ன என்பது 2004-இல் தெரிந்தது. நாடற்ற பாலஸ்தீனர் ஒருவரின் வழக்கு அது. அவருக்கு விசா மறுக்கப்பட்டது. திரும்பிப் போகவும் அவர் சம்மதித்தார். எந்த நாடும் ஏற்கவில்லை. ஆகவே வாழ்நாள் முழுக்க அவரைக் காவலில் வைக்கலாமா என்பதே கேள்வி. வைக்கலாம் என்றது உயர் நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில். பெரும்பான்மைத் தரப்பு நீதிபதி மக்ஹியூ, அந்த மனிதரின் நிலை துயரமானது என்று ஒப்புக்கொண்டார். நாட்டின் அரசியலமைப்பில் உரிமைகளின் பட்டியல் இல்லாதபோது, சட்டம் நியாயமா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை அல்ல என்றும் எழுதினார். அந்தத் தீர்ப்பு பத்தொன்பது ஆண்டுகள் நின்றது.

இது சட்டத்தை மாற்றிய கதை. இடத்தை மாற்றியது 2001-இல். ஆகஸ்ட் 26 அன்று மூழ்கிக்கொண்டிருந்த ஒரு படகிலிருந்து, பெரும்பாலும் ஆப்கானியர்களான 433 பேரை நார்வேயின் சரக்குக் கப்பல் டாம்பா காப்பாற்றியது. அதைக் கிறிஸ்துமஸ் தீவுக்குள் நுழையவிடாமல் ஜான் ஹோவர்டின் அரசு ராணுவ வீரர்களைக் கப்பலில் ஏற்றியது. கப்பல் தலைவருக்கும் மாலுமிகளுக்கும் அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் நான்சன் விருது கிடைத்தது. காப்பாற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நியூசிலாந்து ஏற்றது. மற்றவர்கள் நவுருவுக்குப் போனார்கள். செப்டம்பரில் நிறைவேறிய சட்டங்கள் கிறிஸ்துமஸ், கோகோஸ், ஆஷ்மோர் தீவுகளை ஆஸ்திரேலியாவின் குடிவரவு எல்லையிலிருந்து விலக்கின. நிலம் ஆஸ்திரேலியாவுடையதுதான். அங்கே கால் வைக்கிறவர் மட்டும் சட்டத்தின் கண்ணில் ஆஸ்திரேலியாவுக்கு வராதவர். 2013 மே மாதம் தொழிற்கட்சி அரசு இதை முழுமையாக்கியது: படகில் வருகிறவர்களைப் பொறுத்தவரை நாட்டின் பெருநிலப்பரப்பு முழுவதையும் குடிவரவு எல்லையிலிருந்து விலக்கியது. சிட்னித் துறைமுகத்தில் வந்து இறங்கினாலும் விசாவுக்கு விண்ணப்பிக்கும் உரிமை அவருக்கு இல்லை.

2001 நவம்பரில் தேர்தல். அதற்கு ஒரு மாதம் முன்பு, படகில் வந்தவர்கள் தங்கள் குழந்தைகளைக் கடலில் வீசினார்கள் என்று அமைச்சர்கள் அறிவித்தார்கள். படங்களும் வெளியாயின. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறு ஆண்டு செனட் விசாரணை நிறுவியது. அதற்குள் தேர்தல் முடிந்திருந்தது. 2001-இன் அதே அக்டோபரில், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு படகு கவிழ்ந்து 353 பேர் மூழ்கினார்கள். அவர்களில் 146 பேர் குழந்தைகள். இந்த நாட்டுக்கு யார் வரலாம், எப்படி வரலாம் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்ற ஹோவர்டின் தேர்தல் முழக்கம் வென்றது.

அந்த முழக்கத்துக்கு ஒரு கணக்கு வழக்கும் துணை நின்றது. 1996 முதல், நாட்டுக்குள் வந்து புகலிடம் பெறுகிறவர்களின் எண்ணிக்கையை, வெளிநாட்டு முகாம்களிலிருந்து அழைத்துவரப்படும் அகதிகளின் ஒதுக்கீட்டிலிருந்து அரசு கழிக்கத் தொடங்கியது. படகில் வந்த ஒருவர் விசா பெற்றால் முகாமில் காத்திருக்கும் ஒருவருக்கு இடம் குறையும். வரிசையைத் தாண்டி வந்தவர்கள் என்ற குற்றச்சாட்டு பொதுமக்களிடம் ஊன்றியது இப்படித்தான். அகதிகளின் உலகில் அப்படி ஒரு வரிசை இல்லை. பதிவு செய்த நாளின்படி யாரும் அழைக்கப்படுவதில்லை. ஒரு நிர்வாக முடிவு உண்டாக்கிய போட்டியை, அகதிகள் செய்த மோசடியாக மக்கள் நம்பினார்கள்.

2008-இல் கெவின் ரட்டின் தொழிற்கட்சி அரசு நவுரு முகாமை மூடியது. அதற்கடுத்த ஆண்டு இலங்கையில் போர் முடிந்தது. அந்த அக்டோபரில், தங்களை மீட்ட ஓஷியானிக் வைக்கிங் என்ற ஆஸ்திரேலியக் கப்பலிலிருந்து 78 தமிழர்கள் இறங்க மறுத்தார்கள். இந்தோனேசியாவின் மெராக் துறைமுகத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் படகைவிட்டு இறங்க மறுத்தார்கள். 2010 ஏப்ரலில், இலங்கையர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதையே மூன்று மாதமும், ஆப்கானியர்களின் விண்ணப்பங்களை ஆறு மாதமும் அரசு நிறுத்திவைத்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2012-இல் இலங்கையிலிருந்து மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் வந்தபோது, வந்தவர்களைச் சில கேள்விகள் கேட்டு, வழக்கறிஞர் துணையின்றி, அப்படியே திருப்பி அனுப்பும் விரைவு வடிகட்டல் முறை இலங்கையர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படித் திரும்பினார்கள். 2013 நவம்பரில் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டில் பிரதமர் டோனி அபாட், இலங்கைக்கு இரண்டு ரோந்துப் படகுகளை அளிப்பதாக அறிவித்தார். சித்திரவதைப் புகார்களைப் பற்றிக் கேட்டபோது, சித்திரவதையைத் தம் அரசு கண்டிக்கிறது, ஆனால் கடினமான சூழலில் கடினமானவை நடந்துவிடுகின்றன என்ற பொருளில் பதில் சொன்னார். யாரிடமிருந்து மக்கள் தப்பி ஓடுகிறார்களோ அந்த அரசையே எல்லைக் காவலராக்குவதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் தேவையில்லை.

இந்தியாவின் பங்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 1983 முதல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களும் முகாம்களில் அவர்களுக்குப் பிறந்தவர்களும் தலைமுறைகள் கடந்தும் பெரும்பாலும் குடியுரிமை இன்றியே இருக்கிறார்கள். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. சோறும் கூரையும் தந்த தமிழ்நாட்டுக்கு நன்றி சொல்கிற அதே மக்கள், பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகப் படகேறியதற்குக் காரணம் நம்மிடமும் இருக்கிறது.

நவுருவும் பப்புவா நியூ கினியின் மனுஸ் தீவும் 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டன. அதற்கு முன்பு ஒரு தீர்ப்பு குறுக்கிட்டிருந்தது. 800 பேரை மலேசியாவுக்கு அனுப்பி, அங்கிருந்து 4,000 அகதிகளை ஏற்பது என்று ஜூலியா கில்லார்டின் அரசு ஒப்பந்தம் போட்டது. அகதிகளைக் காக்கும் சட்டக் கடமை மலேசியாவுக்கு இல்லை என்று சொல்லி, 2011 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நாடாளுமன்றம் என்ன செய்தது? அனுப்பப்படும் நாட்டுக்கு அப்படி ஒரு கடமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 2013 ஜூலை 19 அன்று, மீண்டும் பிரதமராகியிருந்த ரட், இனி படகில் வரும் எவரும் அகதி என்று உறுதியானாலும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அறிவித்தார். 2012-க்குப் பிறகு 4,000-க்கும் மேற்பட்டோர் இரண்டு தீவுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். விசாரித்து முடித்தபோது அவர்களில் பெரும்பாலோர் உண்மையான அகதிகள் என்று தெரிந்தது.

நவுரு 21 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுமார் பன்னிரண்டாயிரம் மக்கள், பாஸ்பேட் தோண்டியெடுத்து முடிந்த நிலம். செய்தியாளர் விசாவுக்கான கட்டணத்தை 2014-இல் அந்நாட்டு அரசு 8,000 டாலராக உயர்த்தியது. விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்ப வராது. ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் 2015-இல் இயற்றிய எல்லைப் படைச் சட்டம், முகாமில் வேலை பார்த்தவர்கள் கண்டதை வெளியே சொன்னால் இரண்டாண்டு வரை சிறை என்றது. மருத்துவர்கள் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. இத்தனை பூட்டுகளையும் மீறி உண்மை வெளியே வந்தது. 2014 பிப்ரவரியில் மனுஸ் முகாமில் நடந்த வன்முறையில் ஓர் ஈரானிய இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். 2016 ஆகஸ்டில் கார்டியன் நாளிதழ் நவுரு முகாமின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவ அறிக்கைகளை வெளியிட்டது. அவற்றில் பாதிக்கும் மேல் குழந்தைகள் தொடர்பானவை. மனுஸில் அடைபட்டிருந்த குர்து எழுத்தாளர் பெஹ்ரூஸ் பூச்சானி, கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்திகளாக அனுப்பியே ஒரு நூலை எழுதி முடித்தார். 2019-இல் அந்த நூலுக்கு விக்டோரியா மாநிலத்தின் இலக்கியப் பரிசு கிடைத்தபோதும் அவர் அந்தத் தீவை விட்டு வெளியேற முடியாதவராகவே இருந்தார்.

மனுஸ் எப்படி மூடப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றிலேயே முக்கியமான பகுதி. 1975 வரை ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்த நாடு பப்புவா நியூ கினி. அதன் அரசியலமைப்பின் 42-ஆவது பிரிவு தனிமனித சுதந்திரத்தை அடிப்படை உரிமையாக்குகிறது. முகாமுக்காக 2014-இல் அந்தப் பிரிவையே அந்நாட்டு நாடாளுமன்றம் திருத்திப் பார்த்தது. 2016 ஏப்ரல் 26 அன்று, எதிர்க்கட்சித் தலைவர் பெல்டன் நாமா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லாது என்றும் முகாமில் அடைத்துவைத்திருப்பது சட்டவிரோதம் என்றும் தீர்ப்பளித்தார்கள். அதற்கு மூன்றே மாதம் முன்பு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நவுரு காவல் செல்லும் என்றிருந்தது. அந்த வழக்கு நடக்கும்போதே, 2015 ஜூனில், பின்தேதியிட்டு 2012 முதல் செல்லும்படி ஒரு சட்டப் பிரிவை அரசும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றியிருந்தன. ஆஸ்திரேலியாவைவிடப் பலமடங்கு வறிய நாட்டின் நீதிமன்றத்தால் செய்ய முடிந்ததை, ஆஸ்திரேலியாவின் நீதிமன்றத்தால் செய்ய முடியவில்லை. நீதிபதிகளின் நெஞ்சுரத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. பப்புவா நியூ கினியின் நீதிபதிகள் கையில் 42-ஆவது பிரிவு இருந்தது. ஆஸ்திரேலிய நீதிபதிகள் கையில் அப்படி எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதத்தை மதித்தே பதில் சொல்ல வேண்டும். 2008-க்கும் 2013-க்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலில் மூழ்கினார்கள். 2010 டிசம்பரில் கிறிஸ்துமஸ் தீவின் பாறைகளில் ஒரு படகு மோதி ஐம்பது பேர் இறந்ததைத் தீவுவாசிகள் கரையில் நின்று பார்க்க நேர்ந்தது. படகுகளை நிறுத்தியதால் இந்தச் சாவுகள் நின்றன என்பது எதிர்த்தரப்பின் வாதம். நின்றது உண்மை. எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. தீவு முகாம்கள் 2012-இல் திறந்த பிறகும் வருகை குறையவில்லை. 2012-இல் 17,000-க்கும் மேல், 2013-இல் 20,000-க்கும் மேல். ஓராண்டுக்குள்ளேயே முகாம்களின் கொள்ளளவு தீர்ந்துவிட்டது. 2013 கடைசியில் கடற்படையைக் கொண்டு படகுகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் வருகை ஏறத்தாழ நின்றது. 2014-க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் புதிதாக யாரையும் நவுருவுக்கு அனுப்பவே இல்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறியபோதும் படகுகளின் வருகை மறுபடி பெருகவில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்டோர் மையம் 2021-இல் இதைத் தெளிவாகவே நிறுவியது. ஆக, தீவுகளில் மனிதர்கள் அனுபவித்த துன்பம் எந்த உயிரையும் காப்பாற்றியதாகச் சான்று இல்லை. கடலில் திருப்பி அனுப்புவதும் சாவைத் தடுக்கிறது என்பதைவிட, சாவு நிகழும் இடத்தை நம் பார்வையிலிருந்து அகற்றுகிறது என்பதே சரி. இலங்கைச் சிறையிலோ மியான்மாரிலோ என்ன ஆனார்கள் என்று கணக்கெடுக்க ஆஸ்திரேலியாவில் எந்த அலுவலகமும் இல்லை. செலவையும் சொல்ல வேண்டும்: 2016-இல் தலைமைத் தணிக்கையாளர் கணக்குப்படி, தீவுகளில் ஒருவரை வைத்திருக்க ஆண்டுக்கு 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் ஆனது.

மக்களிடம் இரக்கம் இல்லாமல் போகவில்லை. குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் பிடித்துச் சென்றபோது, அந்த ஊரே நான்காண்டுகள் விடாமல் போராடியது. பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடும் ஊர் அது. 2022-இல் குடும்பம் ஊர் திரும்பியது, நிரந்தர விசாவும் கிடைத்தது. 2019 பிப்ரவரியில், நோயாளிகளைத் தீவுகளிலிருந்து சிகிச்சைக்குக் கொண்டுவரும் சட்டம் கீழவையில் 75-74 என்று அரசை மீறி நிறைவேறியது. அரசு தன் அவையிலேயே ஒரு சட்டத்தில் தோற்றது பல பத்தாண்டுகளில் அதுவே முதல்முறை. அதே ஆண்டு டிசம்பரில், தேர்தலுக்குப் பிந்தைய புதிய நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. இரக்கம் ஒரு குடும்பத்தை மீட்கும், ஒரு வாக்கெடுப்பை வெல்லும். அடுத்த வாக்கெடுப்பில் தோற்கும். உரிமை என்பது வாக்கெடுப்புக்கு வராமல் இருக்க வேண்டிய ஒன்று.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் 2004-இன் தீர்ப்பைக் கைவிட்டது. வெளியேற்ற வழியே இல்லாத ஒருவரை முடிவின்றி அடைத்துவைப்பது தண்டனைக்குச் சமம், தண்டிப்பது நீதிமன்றத்தின் அதிகாரம் என்றது. சில வாரங்களில் சுமார் 150 பேர் விடுதலையானார்கள். அவர்களில் குற்றத் தண்டனையை முடித்தவர்களும் இருந்ததால் ஊடகங்கள் கொந்தளித்தன. எட்டே நாளில் கணுக்கால் கண்காணிப்புப் பட்டையும் இரவு ஊரடங்கும் சட்டமாயின. 2024 நவம்பரில் அவற்றையும் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதக் கடைசியில், இப்படி விடுதலையானவர்களை ஏற்க மூன்றாம் நாட்டுக்குப் பணம் கொடுக்கும் சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நவுருவுடன் ஒப்பந்தம்: முன்பணமாக சுமார் 40 கோடி டாலர், பிறகு ஆண்டுதோறும் தொகை. ஆட்சியில் இருப்பது தொழிற்கட்சி.

2025 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நவுருவில் அடைக்கப்பட்டவர்களின் வழக்குகளில் ஆஸ்திரேலியாவே பொறுப்பு, அது எதேச்சைக் காவல் என்று முடிவு சொன்னது. பணம் கொடுத்து இன்னொரு நாட்டுக்கு அனுப்பினால் பொறுப்பு தீர்ந்துவிடாது என்பதே அதன் சாரம். ஆனால் அந்தக் குழுவின் முடிவை நிறைவேற்றும்படி எந்த ஆஸ்திரேலிய நீதிமன்றமும் அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தலைநகர்ப் பிரதேசம் ஆகியவற்றில் மனித உரிமைச் சட்டங்கள் உண்டு. அவை மத்திய அரசின் குடிவரவு அதிகாரத்தைக் கட்டுப்படுத்தா. படகில் வந்தவர்களின் விண்ணப்பங்களுக்கென 2014-இல் கொண்டுவரப்பட்ட விரைவுப் பரிசீலனை முறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர், தமிழர்கள் உட்பட, பத்தாண்டுகளுக்கு மேலாகத் தற்காலிக விசாவில் வாழ்கிறார்கள். அந்த முறை நியாயமற்றது என்று தொழிற்கட்சி தானே சொல்லி 2024-இல் அதை ஒழித்தது. அதில் நிராகரிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மட்டும் மறுபடி திறக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மெல்பர்னில், சிறுவனாகப் படகில் வந்து அங்கேயே வளர்ந்த ஒரு தமிழ் இளைஞர் இந்தக் காத்திருப்பின் நடுவில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

செய்ய வேண்டியவை இரண்டு. விரைவு முறையில் நிராகரிக்கப்பட்டவர்களுக்கு நிரந்தர விசா தரப்பட வேண்டும். அதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை, அமைச்சரின் முடிவே போதும். இரண்டாவது, நாடு தழுவிய மனித உரிமைச் சட்டம். சாதாரணச் சட்டத்தைப் பின்னாளில் ஒரு நாடாளுமன்றம் திருத்திவிட முடியும், ஆகவே அது அரசியலமைப்புப் பாதுகாப்புக்கு ஈடாகாது. ஆனாலும் இன்று நீதிபதிகள் கையில் இல்லாத ஒரு கருவியை அது தரும், உரிமையை மீறுகிற அரசு அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் மீற வேண்டியிருக்கும். அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் மனித உரிமைகள் கூட்டுக் குழுவே 2024 மே மாதம் பரிந்துரைத்திருக்கிறது. அங்கே ஓட்டுரிமை பெற்றிருக்கும் தமிழர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பரிந்துரைக்கு நீங்கள் ஆதரவா இல்லையா என்பதைத்தான்.